நெடும்பணிகளும் காலி நாற்காலிகளும்



சென்னைப் பல்கலைக்கழகத்தில் கலைத் துறைகளும் சமூக அறிவியல் துறைகளும் வளர்ந்த வரலாற்றைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். எந்தத் துறை எந்த ஆண்டு தொடங்கியது, யார் யார் தலைவராக இருந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நூற்றாண்டு மலர், நூற்றைம்பதாம் ஆண்டு மலர் என்று அந்தப் பட்டியல் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. நான் கொஞ்சம் வேறு விதமாக இதைப் பார்க்கிறேன். ஒருவர் தொடங்கி, அவர் போன பிறகு இன்னொருவர் எடுத்துச் செய்து, மூன்றாமவர் முடித்த வேலைகள் இந்தப் பல்கலைக்கழகத்தில் எவை? அவை ஏன் நடந்தன? பிறகு ஏன் குறைந்தன? கலைப்புலத்தின் வளர்ச்சியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதல் ஐம்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த அமைப்பு அது. கல்லூரிகளில் படித்தவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டுமே வேலை. பாடம் நடத்த ஆசிரியர் கிடையாது, வகுப்பறை கிடையாது. சேப்பாக்கத்தில் சிஷோம் கட்டிய செனட் மாளிகையைக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். 1870-களில் எழுந்த அந்த அழகான கட்டடமும் கூட்டம் கூடவும் தேர்வு நடத்தவும் கட்டியதுதான்.

முதன்முதலில் பி.ஏ. பட்டம் வாங்கியவர்கள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை பிற்பாடு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையில் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே, சொந்தக் கையிலிருந்து செலவழித்து, சந்தாக்காரர்களைத் தேடிப் பிடித்துச் செய்தார். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபடி 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அவருக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி! பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் பெரிய மனிதவியல் ஆய்வுகள் எல்லாம் வீட்டுத் திண்ணையிலும் மடத்து நூலகத்திலும் நடந்தன. பல்கலைக்கழகமோ, வேலை தேடும் இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகமாகத்தான் இருந்தது. 1902-ல் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை எடுத்துவிடும் யோசனைகூட வந்தது. பரிதிமாற் கலைஞர் போன்றவர்கள் எதிர்த்து நின்றதால் தமிழ் தப்பியது.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் கதவு திறந்து பத்தாண்டு கழித்துத்தான் ஆள் உள்ளே வந்தார்கள். 1914-ஐ ஒட்டிச் சில பேராசிரியப் பதவிகள் உருவாயின. இந்திய வரலாறும் தொல்லியலும் என்ற பதவிக்கு ச. கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார். ஒப்பியல் மொழிநூலுக்கு மார்க் காலின்ஸ். இந்தியப் பொருளாதாரத்துக்கு 1915 கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர். இந்த மூன்று நாற்காலிகளும்தான் இன்றைய கலை, சமூக அறிவியல் துறைகளின் தாய்வேர். 1914-க்கு ஓராண்டு முன்பாகவே, 1913 ஜனவரியில், இன்னொரு வேலை தொடங்கியிருந்தது: தமிழ்ப் பேரகராதி.

பேரகராதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர் அதற்கு முதல் பதிப்பாசிரியர். கையிலிருந்த பெரிய அகராதி, 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதி. அதில் சுமார் 67,000 சொற்கள். அதைக் கொஞ்சம் திருத்தி விரித்தால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். அகராதி வேலை தெரிந்த யாரும் சிரிப்பார்கள். சாண்ட்லர் 1922 வரை இருந்தார், அகராதியின் ஒரு பக்கம்கூட வெளிவரவில்லை. முதல் பகுதி 1924-ல் வந்தது. 1926-ல் ச. வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். அவர் அதற்கு முன் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீல் தொழில் பார்த்தவர். தமிழ் எம்.ஏ. இல்லை, ஆய்வுப் பட்டம் இல்லை. இன்றைய யு.ஜி.சி. விதிப்படி அவர் விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுத்திருக்க மாட்டார்கள். ஆறு தொகுதிகளை 1936-ல் முடித்தார். அனுபந்தம் 1939-ல். மு. இராகவையங்கார் தொடக்கம் முதல் முடிவு வரை தலைமைப் பண்டிதராக அந்த வேலையிலேயே இருந்தார்.

ஒரு பதிவை எடுத்துப் பாருங்கள். முதலில் சொல். பக்கத்தில் ரோமன் எழுத்தில் அதன் ஒலிப்பு. பிறகு எந்த மொழியிலிருந்து எப்படி வந்தது என்ற குறிப்பு. அடுத்து ஒவ்வொரு பொருளும் ஆங்கிலத்திலும் தமிழிலும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அது எந்த நூலில் எந்தச் செய்யுளில் வருகிறது என்ற மேற்கோள் இடம். பேச்சு வழக்கு என்றால் எந்த வட்டாரத்து வழக்கு என்ற குறி. குறுகிய பத்தியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க நமக்கு அரை நிமிடம். அந்த ஒரு மேற்கோள் இடத்தைக் கண்டுபிடிக்க அன்று ஒரு பண்டிதர் ஏட்டையும் அச்சுநூலையும் வரிவரியாகப் புரட்டியிருக்கிறார். சீட்டில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் சரிபார்த்திருக்கிறார். இப்படி ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் சொற்களுக்கு மேல்.

பேரகராதியில் குறை உண்டு. வடமொழி மூலம் காட்டிய இடங்களில் பலவற்றை ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் அன்றே சண்டை போட்டார்கள். நாட்டார் வழக்குச் சொல் போதாது, தலித் மக்களின் பேச்சு அறவே போதாது என்று பிற்பாடு வந்தவர்கள் சொன்னார்கள். எல்லாம் நியாயம். ஆனால் சண்டை போட ஒரு நூல் கையில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த தமிழ் அகராதி ஒவ்வொன்றும் இதை எதிரில் வைத்துக்கொண்டே எழுதப்பட்டது.

இதிலே கவனிக்க வேண்டியது, தமிழ்த் துறை வலுப்பெற்றதே இந்த அகராதி அலுவலகத்தால்தான். 1927-ல் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தொடங்கி, அதன் கீழ்த் தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், அரபு, பாரசீகம், உருது என்று பிரிவுகள் அமைந்தன. அகராதி முடிந்ததும் வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பிரிவின் தலைவரானார். அவருக்குப் பின் ரா.பி. சேதுப்பிள்ளை, அவருக்குப் பின் மு. வரதராசன். வடமொழிப் பிரிவில் 1935-ல் குப்புசாமி சாஸ்திரியின் காலத்தில் கையெழுத்துப் படிகளின் பேரட்டவணை ஒன்றைத் தொடங்கினார்கள். உலகத்தில் எங்கெங்கே என்னென்ன வடமொழி ஏடு இருக்கிறது என்று அகர வரிசையில் சொல்லும் நூல். முதல் தொகுதி 1949-ல் வந்தது. வே. ராகவன் அதை ஆண்டுக்கணக்கில் சுமந்தார். இந்த நூற்றாண்டிலும் தொகுதிகள் வந்துகொண்டிருந்தன. இடையிலே பல ஆண்டு தூங்கவும் செய்தது. நெடும்பணி என்ற பெயரில் சம்பளப் பட்டியலை மட்டும் உயிரோடு வைத்திருந்த திட்டங்களும் நம்மிடம் உண்டு. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

வரலாற்றுத் துறைக்கு வருகிறேன். 1929-ல் கிருஷ்ணசாமி ஐயங்கார் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு க.அ. நீலகண்ட சாஸ்திரி வந்தார். பாண்டியர் வரலாறு அதே ஆண்டில் வெளிவந்தது. சோழர் வரலாறு 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாகப் பல்கலைக்கழக வரலாற்று வரிசையில் வந்தது. அந்த நூலைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. சோழ அரசை அளவுக்கு மீறி ஒரு மத்திய அரசாங்கமாகக் காட்டினார் என்று பர்ட்டன் ஸ்டைன் 1980-ல் எதிர்த்து எழுதினார். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோர் கல்வெட்டுச் சொற்களை எண்ணி எண்ணி வேறொரு படம் வரைந்தார்கள். கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையின் பயனை அதன் ஆட்கள் எழுதியதை வைத்து மட்டும் கணக்கிடக் கூடாது. அதோடு மோதி உருவானவர்களையும் சேர்க்க வேண்டும்.

நீலகண்ட சாஸ்திரியைவிட அவருடைய மாணவி ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றிப் பேசுவது குறைவு. சி. மீனாட்சி. 1905-ல் பிறந்தவர். பல்லவர் ஆட்சி முறையும் சமூக வாழ்வும் என்ற பொருளில் ஆய்வு செய்து 1936-ல் பிஎச்.டி. பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். நூல் 1938-ல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் பிராகாரத்து மண்டபச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசை, வரிசை முழுக்க மணற்கல் சிற்பம். அரசர்கள், யானைகள், போர், முடிசூட்டு. கல் அரித்து, பல முகங்கள் மழுங்கிப் போயிருக்கும். சில பலகைகளின் கீழே மட்டும் கல்வெட்டு வரிகள். பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்துவந்து நந்திவர்மப் பல்லவமல்லனாக அரியணையில் ஏற்றிய கதை அந்த வரிகளில் இருக்கிறது. மீனாட்சி செய்தது இதுதான்: கல்வெட்டுள்ள பலகைகளைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு, கல்வெட்டில்லாத பலகைகளை முன்னும் பின்னும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். செப்பேட்டில் வரும் பல்லவர் வம்சாவளியோடு ஒப்பிட்டார். பக்தர்கள் வலம் வந்துகொண்டிருந்த ஒரு சுவர், பல்லவர் வரலாற்றின் ஆவணமாக மாறியது. நடந்து, நின்று, திரும்ப வந்து பார்த்து, குறிப்பெடுத்து, மறுபடியும் பார்த்துச் செய்கிற வேலை. நூலகத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது.

பட்டம் வாங்கிய பிறகு அவருக்கு நிலையான வேலை கிடைத்தது சென்னையில் இல்லை, பெங்களூரு மகாராணி கல்லூரியில். 1940-ல் இறந்துபோனார். முப்பத்தைந்து வயது நிரம்பவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டது. ஆளை உருவாக்கி வெளியே அனுப்பிவிடும் பழக்கம் நம் துறைகளுக்குப் புதிதாக வந்ததில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

வரலாற்றுத் துறை பிற்பாடு மண்ணையும் தோண்டியது. தி.வை. மகாலிங்கம் 1962 முதல் 1964 வரை கரூர், திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் திருக்காம்புலியூர், அழகரை ஆகிய ஊர்களில் அகழாய்வு நடத்தி அறிக்கையும் எழுதினார். கீழடிக்குப் பிறகு அகழாய்வு என்றால் ஊரே திரும்பிப் பார்க்கிறது. அறுபது ஆண்டுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத் துறை, சொற்பப் பணத்தில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழி வெட்டியதை யாரும் நினைப்பதில்லை.

நூலகத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1924-ல் கணித விரிவுரையாளர் ஒருவர் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார்: சீ.இரா. அரங்கநாதன். லண்டனுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார். கன்னிமரா நூலகக் கட்டடத்தில் ஒண்டுக்குடித்தனமாகத் தொடங்கிய நூலகம், 1936-ல் கடற்கரையில் தனக்கென்று ஒரு கட்டடத்துக்கு வந்தது. நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறை 1933-ல். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிக்கும் இரண்டு நூல்களும் சேப்பாக்கத்தில் எழுதப்பட்டவை. இருபது ஆண்டு அவர் அந்த நாற்காலியில் இருந்தார். நூலகரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும், அல்லது நியமிக்காமலே விட்டுவிடும் இடத்தில் கோலன் பகுப்பு பிறக்காது.

இனி, நான் மிகவும் மதிக்கும் வேலைக்கு வருகிறேன்.

கில்பர்ட் ஸ்லேட்டர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலிபோட்டுப் பறிக்கப்பட்டதால் குடியானவர்கள் எப்படிச் சிதைந்தார்கள் என்று 1907-ல் ஒரு நூல் எழுதியிருந்தார். அதனால் சென்னைக்கு வந்ததும் அவர் கண் ஊர்ப்புறத்துப் பக்கம் போனதில் வியப்பில்லை. மாணவர்கள் ஆங்கிலப் பொருளாதார நூல்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். தங்கள் ஊரில் ஒரு காணி நிலத்தின் விலை என்ன, குத்தகை எப்படி, கூலி நெல்லாகவா காசாகவா என்று கேட்டால் விழித்தார்கள். ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விசாரித்து எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். அப்படி வந்த கட்டுரைகள்தான் 1918-ல் சில தென்னிந்தியக் கிராமங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவை அதில் அடங்கிய தமிழ் ஊர்கள். அந்தக் காலத்து மாவட்டப் பெயர்களைச் சொல்கிறேன். பிற மொழிப் பகுதி ஊர்களும் உண்டு.

அந்த நூலின் சிறப்பு அதன் கண்டுபிடிப்புகளில் இல்லை. பலவும் சாதாரணச் செய்திகள்தாம். ஊரின் பெயரும் வீடும் நிலமும் கூலியும் எழுதி வைக்கப்பட்டிருந்ததால், இன்னொருவர் திரும்பிப் போக முடிந்தது. பொருளாதாரத் துறையில் பிற்பாடு பேராசிரியராக வந்த பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-ஐ ஒட்டி அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். மறு ஆய்வு 1940-ல் நூலாக வந்தது. இடையில் என்ன நடந்திருந்தது? முதல் உலகப் போர் முடிந்து விலை ஏறியது, 1929-க்குப் பிறகு பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் ஏறியது. மாகாணம் முழுவதற்குமான புள்ளிவிவரம் அரசிடம் இருந்தது. ஒரே ஊரில், இருபது ஆண்டு இடைவெளியில், யார் கையிலிருந்து யார் கைக்கு நிலம் போனது என்று சொல்ல இந்த இரண்டு நூல்களைச் சேர்த்து வைத்தால்தான் முடியும்.

1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் அந்த ஊர்களில் சிலவற்றுக்குத் திரும்பிப் போனார். 1980-களில் எஸ். குகன், ஜோன் மென்ச்சர், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் போனார்கள். இருவேல்பட்டைப் பற்றி ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கி. நாகராஜ் மூவரும் எழுதிய கட்டுரை 1916 முதல் 2008 வரையிலான மாற்றத்தை ஒரே கோட்டில் வைத்துக் காட்டுகிறது. உலகத்தில் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து பார்க்கப்பட்ட ஊர்கள் அதிகம் இல்லை.

இருவேல்பட்டு உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தில் மூழ்கி, நிவாரணம் வரவில்லை என்று சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மக்கள் மறியல் செய்தார்களே, அதே ஊர். மறியலை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. நூறு ஆண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வரும் ஊர் இது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 1916-ல் அங்கே பெரும்பகுதி நிலம் சிலரிடம் குவிந்து கிடந்தது. கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாள்களைப் பற்றி ஸ்லேட்டரின் நூல் பேசுகிறது. இன்று படியாள் முறை இல்லை. பெரிய நிலக்குடும்பங்களின் பிடி தளர்ந்தது. சேரியிலிருந்தும் குடியானவர் தெருவிலிருந்தும் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போகிறார்கள். சாலையை மறித்து நின்று மந்திரிகளைக் கேள்வி கேட்கிறார்கள். இந்த மாற்றத்தைப் படிப்படியாகச் சொல்ல நம்மிடம் ஆவணம் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 1916-லும் 1936-லும் போனவர்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள். 1980-களில் போனவர்களில் பலர் அடையாற்றிலிருந்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து போனார்கள். மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் தொடங்கிய நிறுவனம் அது. யுனெஸ்கோவில் பெரிய பதவி வகித்துத் திரும்பியவர் அவர்; 1975 முதல் 1978 வரை இதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார். அப்படிப்பட்டவரே தீவிரமான சமூக அறிவியல் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனி வீடு கட்ட வேண்டும் என்று நினைத்தார் என்றால், உள்ளே ஏதோ குறைந்துவிட்டது என்று பொருள். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். இருந்தாலும் ஒரு இழப்பு இருக்கிறது. ஸ்லேட்டர் அனுப்பியது இளங்கலை மாணவர்களை. ஆய்வு நிறுவனத்துக்கு இளங்கலை மாணவர்கள் கிடையாது. ஊருக்குப் போய் எழுதும் பழக்கம் வகுப்பறையை விட்டு நகர்ந்து, நிதி பெற்ற திட்டங்களின் வேலையாகிவிட்டது.

பல்கலைக்கழகத்துக்குள் என்ன நடந்தது? எல்லை சுருங்கியது. மைசூர் 1916, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937 என்று புதிய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. மதுரை 1966-ல், பாரதியாரும் பாரதிதாசனும் 1982-ல். ஒரு காலத்தில் கஞ்சம் முதல் கன்னியாகுமரி வரை கல்லூரிகளைக் கட்டி மேய்த்த நிர்வாகம் சென்னையும் சுற்றுவட்டாரமுமாகச் சுருங்கியது. இது நல்லதே. சுமை குறைந்து, துறைகளில் கவனம் செலுத்தியிருக்கலாம். ஆ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டு துணைவேந்தராக இருந்த காலத்தில் துறைகள் பெருகின. தத்துவத் துறை டி.எம்.பி. மகாதேவன் காலத்தில் 1964-ல் யு.ஜி.சி.யின் உயராய்வு மையமானது. மூன்று பகுதிகளாக ஆங்கிலம்–தமிழ் அகராதி 1960-களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் வந்தது. அந்தத் தலைமுறையோடு பெரிய பொதுப்பணிகள் முடிந்துவிட்டன என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், ஆனால் ரொம்பத் தவறாக இருக்காது.

அதன் பிறகு துறைகளின் எண்ணிக்கை ஏறியது, ஒவ்வொரு துறையிலும் ஆள் குறைந்தது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட துறைகள். தமிழ் மொழிக்கு ஒன்று, தமிழ் இலக்கியத்துக்கு ஒன்று. சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம், இஸ்லாம் என்று சமயவாரியாகத் தனித் துறைகள். எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலவும் நல்ல மனிதர்கள் கொடுத்த அறக்கட்டளைகளால் வந்தவை. ஆனால் விரல் விட்டு எண்ணும் ஆட்களோடு ஒரு துறை இருந்தால், அவர்களுக்கு வகுப்பு எடுக்கவும் விடைத்தாள் திருத்தவும் நாக் தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் கோப்பு தயாரிக்கவுமே நேரம் சரியாக இருக்கும். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் இருபது ஆண்டு வேலையை எப்படிக் கொடுப்பது? அவரும்தான் எப்படி ஏற்பார்? 2023 ஆகஸ்டுக்குப் பிறகு துணைவேந்தர் நாற்காலியே நீண்ட காலம் காலியாகக் கிடந்தது. 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தியை எல்லோரும் படித்தோம்.

பணமும் பதவியும் மட்டுமே காரணம் என்றால் நாம் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் பங்கும் இருக்கிறது. 2010-ல் யு.ஜி.சி. ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. மதிப்பெண் கொண்டுவந்தது. ஒரு கட்டுரைக்கு இத்தனை, ஒரு கருத்தரங்குக்கு இத்தனை என்று. உடனே நாம் என்ன செய்தோம்? வாரம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒரே ஒரு நண்பர் வந்துவிட்டால் அது பன்னாடு. பதிவுக் கட்டணம் கட்டியவர்களின் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து, ஐ.எஸ்.பி.என். எண் வாங்கி, கருத்தரங்க நாளிலேயே செங்கல் கனத்தில் ஆய்வுக்கோவை. ஒவ்வொரு கட்டுரையும் மூன்று, நான்கு பக்கம். கட்டுரை எழுதியவர் தம்முடைய பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்து அச்சுப்பிழை இருக்கிறதா என்று தேடுகிறார். அடுத்தவர் கட்டுரையை யாரும் படிப்பதில்லை. வையாபுரிப் பிள்ளை பத்து ஆண்டு அகராதி வேலை செய்ததற்கு ஏ.பி.ஐ.யில் எத்தனை மதிப்பெண் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நூல்கள், அதிலும் கூட்டுப் பணி.

ஆய்வு மாணவர்களிடமும் இதே பழக்கம் தொற்றியது. ஒவ்வொருவருக்கும் புதுத் தலைப்பு வேண்டும். முன்னால் ஒருவர் செய்த அதே ஊரை, அதே கல்வெட்டுத் தொகுதியை, அதே தொழிற்பேட்டையை மறுபடி செய்கிறேன் என்று வந்தால், செய்த தலைப்பாயிற்றே என்று நாமே திருப்பி அனுப்புகிறோம். இருவேல்பட்டை 1936-ல் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால்?

இந்த நூறு ஆண்டில் ஒன்று பெரிய அளவில் மாறியிருக்கிறது, அது நம் பக்கம் இருக்கும் பலம். ஸ்லேட்டரின் மாணவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஊரைப் பற்றி எழுதினார்கள், ஆனால் சேரியைத் தெருமுனையில் நின்று பார்த்தார்கள். படியாளின் கடன் எவ்வளவு என்று பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதினார்கள். இன்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்? விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எத்தனை பேர்? படியாளின் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் எம்.ஏ. படிக்கும் முதல் தலைமுறை இது. அதே கேள்விப் பட்டியலை அவர்கள் எடுத்துக்கொண்டு போனால் ஸ்லேட்டருக்கும் தாமசுக்கும் ஹாரிசுக்கும் கிடைக்காத பதில்கள் கிடைக்கும். பாட்டியிடம் கேட்கும் கேள்விக்கு வேறு பதில். சமூக அறிவியல் துறைகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வந்ததில்லை. அந்த மாணவரைத்தான் நாம் உட்காரவைத்து மூன்று பக்கக் கட்டுரைக்குப் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறோம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு நெடும்பணியையாவது தன் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும். பேரகராதியின் திருத்திய பதிப்பு தொடங்கி நடந்தது. அதை முடியும் வரை விடாமல் செய்ய ஆள் நியமிக்க வேண்டும். அந்தப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பும்வரை அரசைத் துறைகள் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரா.பி. சேதுப்பிள்ளை தம் தாயார் சொர்ணம்மாள் பெயரில் அறக்கட்டளை நிறுவினார். ஒரு பேராசிரியர் தம் சம்பாத்தியத்திலிருந்து சொற்பொழிவுக்குப் பணம் வைத்தார். இன்று அறக்கட்டளை வைக்க முன்வருகிறவர்களிடம் நான் கேட்பது இது: இன்னொரு சொற்பொழிவு வேண்டாம். என்னைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சால்வை வாங்கிக்கொண்டு போய்விடுவோம். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் இரண்டு மாணவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவும் கொடுங்கள், ஊருக்குப் போய் எழுதட்டும்.

2036-ல் தாமஸ் நடத்திய மறு ஆய்வுக்கு நூறு ஆண்டு. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஐந்துக்கும் பல்கலைக்கழக மாணவர்களே மறுபடி போய் எழுத இன்னும் நேரம் இருக்கிறது. கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. அங்கே வேலைக்குப் போவது யார், நிலம் கொடுத்தது யார் என்பதே தனி ஆய்வு. ஸ்லேட்டரின் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படியுங்கள். பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், தமிழ் எந்தத் துறையானாலும் சரி. வருகிற கோடை விடுமுறைக்கு இந்த ஐந்து ஊர்களில் எதற்காவது போக விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் துறைத் தலைவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.